போர்தோவை ஆற்றிலிருந்து பார்ப்பது எப்படி? கரோன் நதிப் படகுச் சுற்றுலாவுக்கு முழு வழிகாட்டி

பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் போர்தோ, ஆற்றைப் பார்த்து வாசல் வைத்த ஊர். 1822 வரைக்கும் இந்த ஊரில் கரோன் நதியின் மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. வணிகர்கள், மாலுமிகள், தூதர்கள் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் படகில்தான் வந்து இறங்கினார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றே 18-ஆம் நூற்றாண்டில் கரையோரம் முழுக்க ஒரே சீராக மாளிகை முகப்புகளை எழுப்பினார்கள். ரயிலில் வந்து இறங்கி, சந்துகளில் புகுந்து, கடைசியில் கரைக்கு வந்து சேர்வது கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைவது மாதிரிதான். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் படகில் ஏறினால் முன்வாசல் வழியாகப் போகலாம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தப் படகு?

மூன்று வகை உண்டு. ஒன்று, வழிகாட்டியின் விளக்கத்தோடு ஒன்றரை மணி நேரம் ஊருக்குள்ளேயே சுற்றும் படகு. பெரும்பாலும் 15 முதல் 25 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஒரு கோப்பை ஒயினும், கனெலே என்ற சிறு கேக் ஒன்றும் சேர்த்துத் தருகிற பயணங்களும் உண்டு. இரண்டு, மதிய உணவு அல்லது இரவு உணவுப் படகு. மூன்று, ஊரைத் தாண்டிக் கழிமுகம் வரைக்கும் போகும் அரைநாள், முழுநாள் பயணம்.

முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வகையை எடுங்கள். உணவுப் படகில் தட்டும் ஜன்னலும் போட்டி போடும். எப்படியும் தட்டுதான் ஜெயிக்கும். வழிகாட்டி ஒலிபெருக்கியில் எதையோ சொல்லிக்கொண்டிருக்க, நாம் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருப்போம். திருமண நாள் கொண்டாட்டம் என்றால் அது வேறு கதை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, விளம்பரங்களில் அதிகம் வராது. ஊர்ப் போக்குவரத்துக் கழகமே டிராமைப் போல ஆற்றில் படகு விடுகிறது. டிராம் டிக்கெட்டே அதற்கும் செல்லும். விளக்கம் கிடையாது, ஒயின் கிடையாது, வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு ஏறுவார்கள். கையில் காசு குறைவு என்றால் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு அதிலேயே போகலாம்.

நேரத்தை முடிவு செய்வது: சூரியனும் கடலும்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போர்தோவின் பழைய ஊர் முழுக்க ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது. ஆறு இங்கே ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுவதால், இடக்கரை என்பது மேற்குக் கரை. மாளிகைகள் கிழக்கைப் பார்த்து நிற்கின்றன. காலையில் வெயில் நேராக முகப்பில் விழும், அந்தச் சுண்ணாம்புக்கல் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். புகைப்படம் எடுத்தால் எல்லாம் கறுத்த நிழலாக வரும். கல்லின் செதுக்கலைப் பார்க்க வேண்டும் என்றால் காலைப் படகு. அந்தி வானத்தில் கோபுரங்களின் கோட்டுருவம் வேண்டும் என்றால் மாலைப் படகு. ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு 9.50 ஆகிவிடும். அதனால் 'மாலைப் படகு' என்று பெயர் இருந்தாலும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடல். போர்தோவிலிருந்து அட்லாண்டிக் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்றமும் வற்றமும் இதுவரைக்கும் வந்து போகும். ஒரே நாளில் தண்ணீர் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். மிதக்கும் மரக்கிளை ஒன்று கடலுக்குப் போகாமல் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஏற்றங்களில், ஊருக்கு மேலே போதென்சாக் பக்கம் இந்த ஓதம் ஓர் அலையாகவே எழும்பி ஆற்றில் ஏறி வரும். மஸ்கரே என்பார்கள். அதில் சறுக்குப் பலகையோடு காத்திருந்து ஏறுகிறவர்களும் உண்டு.

இது நமக்கு எதற்கு என்றால், படகுத்துறைகள் மிதவைகள். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், கரையையும் மிதவையையும் இணைக்கும் நடைபாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களையோ சக்கர நாற்காலியையோ குழந்தை வண்டியையோ கூட்டிப் போகிறீர்கள் என்றால், ஏற்ற நேரத்துக்கு அருகில் புறப்படும் படகைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீர் உயர்ந்திருந்தால் படகும் உயரமாக மிதக்கும், கரையும் நன்றாகத் தெரியும். வற்றத்தில் போனால் பாதி நேரம் சேற்றுச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பால் கூடுதலாக விட்ட டீ போல இருக்கும். சாக்கடை கலந்த நிறம் இல்லை அது. ஏற்றமும் வற்றமும் அடிமண்ணைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் வண்டல் படியவே நேரம் இல்லை, அவ்வளவுதான்.

டிக்கெட், துறை, இருக்கை

பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். சேன் ஜான் நிலையத்தில் இறங்கி சி வழி டிராம் பிடித்தால் அது கரையோரமாகவே வந்து கேங்கோன்ஸ் சதுக்கத்தில் விடும். விமான நிலையத்திலிருந்து ஏ வழி டிராம் உண்டு.

முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள். விளக்கம் எந்த மொழியில்? பிரெஞ்சு மட்டும் உள்ள பயணங்களும் உண்டு, ஆங்கிலமும் சேர்த்துச் சொல்கிறவையும் உண்டு. அப்புறம், எந்தத் துறை? இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். கரை நெடுகப் பல மிதவைத்துறைகள் இருக்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். முதல் தடவை டிக்கெட்டைச் சரியாகப் படிக்காமல் கேங்கோன்ஸ் எதிரே தெம்பாக நின்றுகொண்டிருந்தேன். என் படகு ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே வேறு துறையிலிருந்து புறப்பட்டு, என் கண் முன்னாலேயே போனது. மேல்தளத்தில் இருந்த ஒரு குழந்தை எனக்குக் கைகாட்டியது. நானும் பதிலுக்குக் கைகாட்டிவிட்டு அடுத்த படகுக்குப் பணம் கட்டினேன். துறையின் பெயரோடு கரைச் சாலையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் முன்னால் போய்விடுங்கள்.

முன்னால் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இருக்கை. படகு கடல் பக்கமாகப் போகும்போது பழைய ஊர் உங்கள் இடப்பக்கம் வரும். திரும்பும்போது வலப்பக்கம். விளக்கத்தின் பெரும்பகுதி போகும்போதே நடந்துவிடும், அதனால் இடப்பக்கம் உட்காருங்கள். மேல்தளத்தில் நின்றுகொள்ள விட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். கோடையிலும் ஒரு மெல்லிய மேற்சட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றுக் காற்று சும்மா இருக்காது.

கிளம்பியாயிற்று: எதை, எப்போது பார்ப்பது?

பல படகுகள் முதலில் கொஞ்சம் மேல்நோக்கிப் போய்க் கல் பாலத்தைக் காட்டிவிட்டுத் திரும்பும். போன் த பியேர் என்று பெயர். ஸ்பெயினுக்குப் படை அனுப்ப வழி வேண்டும் என்று நெப்போலியன் போட்ட உத்தரவு. 1810-இல் வேலை தொடங்கி 1822-இல் முடிந்தது, அதற்குள் நெப்போலியனே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த நீரோட்டத்தில் அஸ்திவாரம் போடுவது பெரும்பாடாக இருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து மூழ்கு மணி ஒன்றை, அதாவது காற்றை அடைத்துத் தண்ணீருக்குள் இறக்கும் கூண்டு ஒன்றை, வாங்கி வந்து, அதற்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். மொத்தம் 17 வளைவுகள். நெப்போலியன் போனபார்ட் என்ற பெயரை பிரெஞ்சில் எழுதினால் 17 எழுத்து என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. பெயரை எண்ணிப் பாலம் கட்டினார்களா, பாலத்தை எண்ணிப் பெயரைப் பொருத்தினார்களா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

வளைவுகளைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பாகங்கள் கப்பலில் பொய்யாக் துறைமுகத்துக்கு வந்து, அங்கே தட்டைப் படகுகளில் ஏற்றப்பட்டு, இந்த ஆற்றின் வழியாகத்தான் மேலே போயின. அந்தப் படகு இந்தப் பாலத்துக்குக் கீழே நுழைய, தண்ணீர் சரியான மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானமும் கரோன் ஆற்றிடம் அனுமதி கேட்டுத்தான் போயிற்று.

பாலத்துக்கு அருகே கரையில் தெரியும் ஒல்லியான கூர்ங்கோபுரம் சேன் மிஷேல். 114 மீட்டர். தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். அடுத்து, கதைப்புத்தகக் கோட்டை மாதிரிக் கூம்புக் கூரைகளோடு ஒரு வாசல் வரும். போர்த் காயோ, 1495-இல் கட்டியது. ஒரு காலத்தில் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போக இதுவும் ஒரு முக்கிய நுழைவு.

பிறகு பிளாஸ் த லா பூர்ஸ். இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜாக் கப்ரியேலும் அவர் மகனும் வடிவமைத்து, 1730 முதல் 1755 வரை கட்டிய அரைவட்டச் சதுக்கம். கோட்டை மதிலுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஊர் முதல்முறையாக மதிலைத் திறந்து ஆற்றுக்கு முகம் காட்டியது இங்கேதான். முன்னால் தரையில் விரிந்து கிடப்பது 2006-இல் அமைத்த நீர்க்கண்ணாடி: 3,450 சதுர மீட்டர் கருங்கல் தளம், மேலே வெறும் 2 சென்டிமீட்டர் தண்ணீர். சில நிமிடம் தண்ணீர் நிற்கும், பிறகு வடியும், பிறகு மூடுபனி கிளம்பும், குழந்தைகள் கூச்சலிட்டு ஓடுவார்கள். படகிலிருந்து பார்த்தால் அந்தப் பிரதிபலிப்பு சரியாகத் தெரியாது. அதற்குக் கரையில் இறங்கித்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இந்த அழகுக்கு யார் பணம் கொடுத்தது? இதை எல்லா வழிகாட்டியும் சொல்வதில்லை, நல்ல வழிகாட்டி சொல்வார். 18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை செழித்தது கரீபியத் தீவுகளின் சர்க்கரையாலும் காபியாலும். அவற்றை விளைவித்தவர்கள் அடிமைகள். இந்தத் துறையிலிருந்து ஏறக்குறைய 480 அடிமை வணிகப் பயணங்கள் கிளம்பின, 1,20,000 முதல் 1,50,000 ஆப்பிரிக்கர்களைக் கடத்திக் கொண்டுபோயின. கட்டடங்களின் ஜன்னல் வளைவுகளுக்கு மேலே மஸ்கரோன் எனப்படும் கல்முகங்கள் இருக்கின்றன. அவற்றில் சில ஆப்பிரிக்க முகங்கள். படகிலிருந்து புள்ளியாகத்தான் தெரியும். இறங்கிய பிறகு அண்ணாந்து தேடுங்கள். பக்கத்திலேயே கரையில் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது, மொதெஸ்த் தெஸ்தாஸ். போர்தோவைச் சேர்ந்த இரு சகோதரர்கள் விலைக்கு வாங்கித் தீவுக்குக் கொண்டுபோன பெண். 2019-இல்தான் சிலை வைத்தார்கள்.

அடுத்து மரங்கள் அடர்ந்த பெரிய வெளி, கேங்கோன்ஸ் சதுக்கம். ஆற்றோரம் 21 மீட்டர் உயரத்தில் இரண்டு தூண்கள் நிற்கும், ஒன்றின் மேல் வணிகம், இன்னொன்றின் மேல் கடற்பயணம் என்று சிலைகள். முன்பு இங்கே ஒரு கோட்டை இருந்தது. எதிரிகளுக்காகக் கட்டியது இல்லை, ஊர்க்காரர்களை அடக்கி வைக்கக் கட்டியது. காரணம் ஒயின். 1152-இல், போர்தோவும் அடங்கிய அக்விதேன் நாட்டை ஆண்ட எலியனோர், ஹென்றி பிளாந்தஜெனெட்டை மணந்தார். இரண்டே வருடத்தில் ஹென்றி இங்கிலாந்து அரசர் ஆனார். போர்தோ 300 ஆண்டுகள் ஆங்கிலேயர் வசம் போயிற்று, ஒயின் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. 1453-இல் பிரெஞ்சு அரசர் ஊரைப் பிடித்தபோது, நல்ல வாடிக்கையாளரை இழந்த கடைக்காரர் முகத்தோடுதான் ஊர் இருந்தது. கோட்டை அதற்காகத்தான்.

ஷார்த்ரோன்: ஒயின் வணிகர்களின் கரை

கேங்கோன்ஸ் தாண்டியதும் கட்டடங்கள் ஆடம்பரம் குறைந்து, ஒடுக்கமாக, வரிசையாக வரும். முகப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீடு முன்னால் சின்னது, பின்னால் கிடங்கு நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். அயர்லாந்து, ஹாலந்து, ஜெர்மனி, இங்கிலாந்து என்று வெளியூர் வணிகர்கள் மதிலுக்கு வெளியே இங்கே குடியேறினார்கள். ஒயினை வாங்கி, கிடங்கில் வைத்து முதிரவிட்டு, பீப்பாய்களை உருட்டிக்கொண்டே வந்து படகில் ஏற்றினார்கள். போர்தோ பீப்பாய் 225 லிட்டர். நான்கு பீப்பாய் சேர்ந்தால் ஒரு தொன்னோ, 900 லிட்டர். ஒரு கப்பல் எத்தனை தொன்னோ ஏற்றும் என்று கணக்குப் பார்த்ததில்தான் கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் வழக்கமே வந்தது.

நமக்கும் இந்தக் கரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணியை 'கினே' என்ற பெயரில் போர்தோ வணிகர்கள் செனெகலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலம் பிசின் வாங்க அந்தத் துணியே காசாகப் புழங்கியது. காலனிச் சரக்குகளுக்காக 1824-இல் எழுந்த பெரிய கிடங்கு ஒன்று கரைக்குப் பின்னால் இன்றும் இருக்கிறது. இப்போது அது சமகாலக் கலை அருங்காட்சியகம்.

இவ்வளவு அழகான கரை, ஒரு தலைமுறைக்கு முன்னால் கறுத்துப் போய்க் கிடந்தது என்றால் நம்ப முடியாது. துறைமுகம் கீழே நகர்ந்த பிறகு பாழடைந்த கொட்டகைகளும் வாகன நிறுத்தங்களும்தான் மிச்சம். ஊர்க்காரர்களே ஆற்றைப் பார்க்க முடியாத நிலை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து கொட்டகைகளை இடித்து, கல்லைக் கழுவி, டிராம் விட்டார்கள். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் 'நிலாத் துறைமுகம்' என்ற பெயரில் சேர்ந்தது. ஆறு இங்கே பிறைபோல வளைவதால் வந்த பழைய பெயர் அது.

அடுத்து நான்கு தூண்களோடு ஷபான்-தெல்மாஸ் பாலம், 2013-இல் திறந்தது. பெரிய கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மின்தூக்கி போல மேலே ஏறும். முழுதாக ஏறினால் கப்பலுக்கு 53 மீட்டர் உயரம் கிடைக்கும். தூக்கும் நாள்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், உங்கள் தேதியோடு பொருந்தினால் விடாதீர்கள்.

பாலம் தாண்டியதும் பளபளவென்று சுழன்று நிற்பது சித்தே தியு வேன், ஒயினுக்கான அருங்காட்சியகம். 2016-இல் திறந்தது, உயரம் 55 மீட்டர். கோப்பையில் ஒயினைச் சுழற்றும் அசைவைக் கட்டடமாக்கினோம் என்றார்கள் வடிவமைத்தவர்கள். எனக்கு என்னவோ பாதி உருகிய வெண்ணெய் மாதிரிதான் தெரிகிறது. சற்றுத் தள்ளி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கித் தளம் இருக்கிறது. இடிக்க முடியாத அளவுக்குக் கனமான கான்கிரீட். 2020 முதல் அதன் உட்சுவர்களில் ஓவியங்களை ஒளியாக வீழ்த்திக் காட்டுகிறார்கள். பெரும்பாலான படகுகள் இதற்குப் பிறகு, 1967-இல் கட்டிய அக்விதேன் தொங்குபாலத்தின் பக்கம் போய்த் திரும்பிவிடும்.

கையில் கோப்பை

ஒயின் கொடுக்கும் பயணம் என்றால், ஒரே மூச்சில் குடித்துவிடாமல் ஷார்த்ரோன் வரும்வரை வைத்திருங்கள். அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வழிகாட்டி 'இடக்கரை ஒயின்', 'வலக்கரை ஒயின்' என்று பேசுவார். அது நீங்கள் பார்க்கும் இரண்டு கரைகள் இல்லை. இடக்கரை என்றால் மெதோக் பக்கம், கபெர்னே சோவிஞோன் திராட்சை ஓங்கியது. வலக்கரை என்றால் தோர்தோஞ் ஆற்றுப் பக்கம், சேன்-எமிலியோன் போன்ற ஊர்கள், மெர்லோ ஓங்கியது. சிவப்பு பிடிக்கவில்லை என்றால் இனிப்பு வெள்ளை ஒயின் சொதெர்ன் இருக்கிறதா என்று கேளுங்கள். இலையுதிர் காலத்தில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு இதே கரோனில் வந்து கலக்கும் இடத்தில் மூடுபனி எழும். அந்தப் பனியில் திராட்சை மீது ஒரு பூஞ்சை படரும். பழம் சுருங்கி, இனிப்பு ஏறி, அந்த ஒயின் வருகிறது.

குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டாம், முன்பதிவின்போதே திராட்சைச் சாறு கேட்டு வைத்தால் போதும். சைவர்கள் கவனிக்க: கூடத் தரும் பலகைத் தட்டில் பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்ந்தே வரும். கனெலேயில் முட்டையும் ரம்மும் உண்டு.

இறங்கிய பிறகு

நேரம் இருந்தால் கல் பாலத்தின் மேல் நடந்து எதிர்க்கரையான பஸ்தீதுக்குப் போங்கள். 2017 முதல் பாலத்தில் கார்கள் கிடையாது. டிராமும் சைக்கிளும் போகும், நடந்தும் போகலாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் துண்டு துண்டாகப் பார்த்த கரை முழுவதும் அங்கிருந்து ஒரே வில்லாகத் தெரியும்.

ஊரில் இன்னொரு நாள் இருந்தால் மூன்றாம் வகைப் படகை எடுங்கள். ஊருக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கு மேல் போனால் கரோனும் தோர்தோஞ்ஞும் கலந்து ஜிரோந்த் கழிமுகமாக விரியும். கரையோரம் கம்புக் கால்களில் நிற்கும் மீன்பிடிக் குடில்கள் வரும், ஒவ்வொன்றின் முன்னாலும் சதுரத் தூக்குவலை தொங்கும். பிளேய் ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டைப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை, ஆற்றுக்குப் பூட்டுப் போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கனெலே வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப நினைத்தால், ரயில் ஏறுகிற அன்று காலையில் வாங்குங்கள். வெளியே கருகலாக மொறுமொறுப்பும் உள்ளே குழைவும் இருப்பதுதான் அதன் சிறப்பு. மறுநாள் அந்த மொறுமொறுப்பு போய்விடும். போய்விட்டால் சூடான அடுப்பில் சில நிமிடம் வைத்து எடுங்கள், ஓரளவு திரும்பி வரும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும்.